குக்மாட் வாய்க்காலின் சான்று விறகுக் கூடையில் கிடைத்தது குறித்து

அனுப்புநர்:
செராஃபினா இம்போடன், வயது 16,
குக்மாட் (முன்னாள் தனி ஊராட்சி), பால்மன் ஊராட்சி.

பெறுநர்:
மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
மாவட்ட அலுவலகம்.

பொருள்: மே முதல் நாள் குக்மாட் வாய்க்காலைத் திருப்பும் உத்தரவை நிறுத்தக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

சென்ற சனிக்கிழமை அடுப்பு மூட்டுவதற்காக விறகுக் கூடைக்குள் கைவிட்டேன். எடுத்த கட்டை உள்ளங்கையில் நெருடியது. திருப்பிப் பார்த்தால் வரிசையாக வெட்டுக்கள். அவற்றின் மேல் ஓர் ஏணி உருவம். அதே ஏணி எங்கள் ஊர் பிட்டல் வீட்டுக் கொட்டகைக் கதவில் வீட்டுக் குறியாக இருக்கிறது, ஐயா!

1. குக்மாட்டில் பதினொரு வீடுகள். மூன்றாண்டுகளுக்கு முன் எங்களைக் கீழேயுள்ள பால்மனோடு இணைத்தார்கள். பழைய ஊராட்சிக் கூடத்தைப் பெருக்கி அடுப்பு மூட்டுவது என் வேலை. பள்ளியைப் பாதியில் விட்டவள். பிழையிருந்தால் பொறுத்தருள வேண்டும்.

2. பனியாற்றிலிருந்து வரும் எங்கள் வாய்க்காலைப் பால்மனின் புதிய விடுதிகளுக்குத் திருப்ப முடிவாகியுள்ளது. தண்ணீர் இல்லாவிட்டால் புல் இல்லை. புல் இல்லாவிட்டால் மாடுகளை விற்க வேண்டியதுதான். எங்கள் பழைய கூடத்தில் நடந்த பிப்ரவரிக் கூட்டத்தில் பால்மன் ஊராட்சி எழுத்தர் திரு. தியோடுல் ரூப்பன், "எழுத்து எங்கய்யா? உங்க மாடு வந்து சாட்சி சொல்லுமா?" என்று கேட்டார். எல்லாரும் சிரித்தார்கள். எந்தப் பாறையில் வெயில் விழுந்தால் யார் மடை திறப்பது என்பது எங்களுக்கு மனப்பாடம். அதனால் தாளில் ஒன்றுமில்லை. நான் துடைப்பத்தோடு கதவருகே நின்றேன்.

3. கூடையைக் கவிழ்த்தேன். பதினான்கு கட்டைகள்! வழியில் எவரையும் நிமிர்ந்து பார்க்காத நான் அன்று பதினொரு கதவுகளையும் தட்டினேன். ஒன்பது வீட்டுக் கொட்டகைக் குறிகள் அப்படியே பொருந்தின. ஒவ்வொரு வெட்டும் அந்த வீட்டுக்கு உரிய ஒரு மணி நேரத் தண்ணீர் என்று பெரியவர்கள் சொன்னார்கள்.

4. எங்கள் கடைசி ஊராட்சித் தலைவர் திரு. அலாய்ஸ் பிட்டலிடம் கட்டையைக் காட்டினேன். "அது பழைய கட்டை, பாப்பா. கணக்குப் புத்தகத்தை எல்லாம் கீழ அனுப்பிட்டு, இதை அடுப்புக்கு ஆகும்னு நாந்தான் போட்டேன்" என்றார். பிறகு ஏணியைப் பார்த்தார். "அடப்பாவி! பத்தொன்பது வருசம் தலைவரா இருந்து நானே ஊரை அடுப்புல வச்சிருக்கேனே!" என்று தலையில் அடித்துக்கொண்டார். இதை எழுதிக் கையொப்பமும் இட்டுள்ளார்.

5. கூடைக்குப் பின்னால் என் உயரத்துக்கு ஒரு பலகை, முகப்பு சுவர்ப் பக்கம் திரும்பியபடி சாத்தியிருந்தது. அதில் பதினொரு வீட்டுக் குறிகளும், ஒவ்வொன்றுக்கும் எதிரே அதே மணிக்கணக்கு வெட்டுக்களும், 1711 என்ற ஆண்டும், அடியில் ஒரு கரடிப் பாதமும் உள்ளன. கரடிப் பாதம் பால்மனின் குறி. எங்களுக்கு உரிமை இல்லை என்று வந்த கடிதத்தின் முத்திரையிலும் அதே பாதம்தான், ஐயா! அன்று ஒப்புக்கொண்டவர்களே இன்று மறுக்கிறார்கள்.

6. ஒன்றை மறைக்கக் கூடாது. இந்தக் குளிர்காலம் முழுதும் அந்தக் கூடையிலிருந்து எடுத்து எரித்தவள் நான்தான். எத்தனை போயிற்று என்று தெரியாது. எங்கள் வீட்டுக் கட்டை கிடைக்கவில்லை.

ஆகவே, தாங்கள் இச்சான்றுகளை நேரில் பார்வையிட்டு, அதுவரை ஒரு மடையும் அடைபடாமல் ஆணையிட வேண்டுகிறேன்.

மனுவை அஞ்சலில் அனுப்பத்தான் எண்ணியிருந்தேன். பலகை அஞ்சல் பெட்டிக்குள் போகாது. அதைப் போர்வையில் சுற்றிக்கொண்டு முதல் பேருந்தில் ஏறிவிட்டேன்.

நாள்: 22 ஏப்ரல் 1974
இடம்: பேருந்தில், கடைசி இருக்கை

இப்படிக்கு,
செராஃபினா இம்போடன்