செல்வி காருக்கு நான் போட்ட சார்ஜ்

ஏப்ரல் 3, 2025 வியாழன்

இன்றைக்கும் காருக்குச் சார்ஜ் போட்டேன். காலையில் ஒயரைச் சொருகிவிட்டு ஏரி வேலைக்குப் போனேன். மதியம் வந்து பார்த்தால் நூறு என்று காட்டியது.

மகள் செல்வி சொல்லிக் கொடுத்தது வேறு. "முப்பதுக்குக் கீழ எறங்குனா மட்டும் போடும்மா. அறுபது வந்ததும் எடுத்துடு." எனக்கு மனசு கேட்கவில்லை. பாதி வயிற்றோடு எதற்குப் போட்டு வைப்பது?

ஜூன் 15 கோயம்புத்தூரில் ரேஸ். கையால் செய்த கரண்ட் கார்களுக்கு மட்டும். ஜனவரியில் செல்வி பேர் கொடுத்தாள். அதற்கு மூன்றாவது வாரம் டெங்குக் காய்ச்சலில் போய்விட்டாள். ஓசூரில் அவளோடு பேட்டரி கம்பெனியில் வேலை பார்த்த சண்முகப்பிரியா ஓட்டுவதாகச் சொல்லியிருக்கிறாள். மே மாதம் வந்து காரை எடுத்துப் போவாள். அதுவரைக்கும் பேட்டரி சாகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அந்த வேலை ஒன்றுதான் எனக்கு மிச்சம்.

ஏப்ரல் 7 திங்கள்

கொழுந்தன் வீரமணி வந்தார். டீயை வாங்கிக்கொண்டு ஆரம்பித்தார்.

"அண்ணி, அந்தக் காரு ராசிதான் புள்ளயக் கொண்டு போயிருச்சுன்னு ஊரே பேசுது."

"காரா காய்ச்சல் குடுத்துச்சு? கொசுல்ல குடுத்துச்சு."

"நான் சொல்லலங்க. ஊரு சொல்லுது."

"ஊரப் போயி கொசுவப் புடிக்கச் சொல்லுங்க தம்பி."

அப்புறம் மெதுவாக, பேட்டரியைக் கழற்றிக் கொடுத்தால் மாட்டுக் கொட்டாய்க்கு லைட் எரியும் என்றார். என் வீட்டுக்காரர் பீடியையே பார்த்துக்கொண்டிருந்தார். அரியலூருக்குச் சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டுகிற மனுசன். மகள் கார் ஓட்டினபோது மட்டும் கண்ணை மூடிக்கொள்வார்.

ஏப்ரல் 15 செவ்வாய்

வேலை இல்லை. கொட்டகையில் காரைத் துடைத்தேன்.

சென்னையில் வெள்ளத்தில் முங்கின கார் இது. ரெண்டே கதவு, தரையோடு தரையாக, சிவப்பு. எஞ்சின் துருப்பிடித்துப் போனதால் பழைய இரும்பு விலைக்குக் கொடுத்துவிட்டார்கள். லீவுக்கு வரும்போதெல்லாம் செல்வி கொட்டகையில்தான் கிடப்பாள். எஞ்சினை எடுத்துவிட்டு மோட்டார் வைத்தாள். முதலில் நாலு பெட்டி பேட்டரி. ஓடியது. அவளுக்குப் பத்தவில்லை. போன தீபாவளிக்கு இன்னும் நாலு பெட்டி வைத்து எட்டாக்கினாள்.

"முன்னாடி அறுபது குதிரைம்மா. இப்ப நூத்தி இருபது நிக்குது இந்தக் கொட்டகையில."

"புல்லுக்கு எங்கடி போவ?"

கிரீஸ் கையோடு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். கையெல்லாம் கருப்பு, நகத்துக்கு மட்டும் பாலிஷ் போட்டிருப்பாள்.

ஏப்ரல் 27 ஞாயிறு

யாரிடமும் சொல்லவில்லை. இதில் எழுதுகிறேன்.

கொட்டகைக் கதவைத் திறந்தேன். செல்வி வாசனை அடித்தது. அவள் போடுகிற நகப்பாலிஷ் வாசனை. இனிப்பாக, மூக்கில் ஏறுகிற மாதிரி. அந்தப் பாட்டில் அவள் துணிப்பெட்டிக்குள் இருக்கிறது, மூடி இறுக்கமாக. அப்புறம் எங்கிருந்து வரும்?

கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேயே உட்கார்ந்தேன். வெயிலில் தகரம் கொதித்தது. வெளியே வர மனசில்லை.

ஏப்ரல் 28

இன்றைக்கும் வந்தாள்.

மே 4 ஞாயிறு

தினமும் சாப்பிட்டுவிட்டுப் போய் உட்காருகிறேன். வேலையில் என்ன நடந்தது என்று சொல்கிறேன். சார்ஜும் விடாமல் போடுகிறேன். நேற்றிலிருந்து தலைவலி. மாத்திரை போட்டேன். செட்டிகுளம் கோயிலுக்கு இவர் கூப்பிட்டார். நான் போகவில்லை. எனக்கு அவள் இங்கேயே தெரிகிறாளே.

மே 11 ஞாயிறு

பிரியா கார் ஏத்துகிற லாரியோடு வந்தாள். நான்தான் கொட்டகையைத் திறந்தேன். உள்ளே ஒரு கால் வைத்தவள் நின்றுவிட்டாள்.

"அம்மா, வெளிய வாங்க."

"உனக்கும் தெரியுதா? செல்விதான். ரெண்டு வாரமா இருக்கா."

என் முகத்தைப் பார்த்தாள். பிறகு கையைப் பிடித்து வேப்பமரம் வரைக்கும் இழுத்துக்கொண்டு வந்தாள்.

"பேட்டரி கசியுதும்மா. அந்த வாசனைதான் இது. தீப்பிடிச்சிருந்தா..."

எட்டில் நாலு பெட்டி வீங்கி, மூடி பிளந்து கிடந்தது. கையுறை போட்டு அவளும் இவரும் ஒவ்வொன்றாகத் தூக்கிக்கொண்டு போய் வெறும் காட்டில் மணலில் வைத்தார்கள். நான் நின்றுகொண்டிருந்தேன்.

"எவ்ளோ வரைக்கும் போட்டீங்கம்மா?"

"நூறு."

"தெனமுமா?"

"தெனமும்."

திட்டவில்லை. "இந்த வருசம் வெயிலும் ஜாஸ்திம்மா" என்றாள். பழியை வெயில் மேல் தூக்கிப் போட்டுவிட்டாள். அவளும் செல்வி வயசுதான்.

நல்லதாக இருந்த நாலு பெட்டியோடு காரை ஏற்றினார்கள். "ஓடும்மா. ஜெயிக்காது" என்றாள்.

மே 12 திங்கள்

நாந்தான் கெடுத்தேன். வெயில் இல்ல, நாந்தான். அறுபதுல எடுன்னு சொன்னா. ஏன் கேக்கல நானு? அவ கஷ்டப்பட்டு வச்ச நாலு பெட்டி. அது வீங்கிச் சாவுற வாசனைய மக வந்துட்டான்னு நெனச்சு உக்காந்து பேசிக்கிட்டிருந்தேனே, நானும் ஒரு பொம்பளையா?

மே 20

டைரியை எடுத்தேன். வைத்துவிட்டேன்.

ஜூன் 15 ஞாயிறு

ரேஸ் பதினொரு மணிக்கு. சமைக்கவில்லை. பன்னிரண்டரைக்குப் பிரியா போன் பண்ணினாள். பதினோரு கார். பத்துச் சுற்று. ரெண்டு கார் நடுவிலேயே நின்றுவிட்டது. நம்முடையது ஒன்பதாவது, அதாவது கடைசி. காரில் செல்வி பேர்தான் எழுதியிருந்ததாம்.

இவர் வாசலில் நின்றார். "என்னாச்சு? நின்னுருச்சா?"

"நிக்கல. கடைசியா வந்துச்சு. மத்ததெல்லாம் முடிச்ச பிறகு மூணு சுத்து தனியா ஓடிச்சாம்."

"தனியாவா ஓடிச்சு?" என்று கேட்டார். துண்டை முகத்தில் வைத்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டார். செல்வி போன அன்றைக்குக்கூட இவர் அழுது நான் பார்க்கவில்லை.

சாயங்காலம் பிரியா மறுபடி கூப்பிட்டாள். காரை எப்போது கொண்டுவந்து விடட்டும் என்றாள். இவர் முகத்தைப் பார்த்தேன். பிறகு சொன்னேன்.

"நீயே வச்சுக்கம்மா. ஓட்டு. புதுப் பெட்டி வைக்கணும்னா வையி."

"உங்களுக்குப் பாக்கணும்போல இருந்தா?"

"ஓசூருக்கு பஸ்ஸா இல்ல?"

ஜூன் 22 ஞாயிறு

காலையில் இவர் ஏணியைப் போட்டுக் கொட்டகைத் தகரத்தைப் பிரிக்க ஆரம்பித்தார். என்னைக் கேட்கவில்லை. நானும் வேண்டாம் என்று சொல்லவில்லை. மேலிருந்து ஒவ்வொரு தகரமாக இறக்கிக் கொடுத்தார். கீழே நான் பிடித்துக்கொண்டேன்.