ஒன்பதாம் பக்கத்தில் இருந்த வரி

பட்டினப்பாக்கம்,
அக்டோபர் 29, புதன்.

அன்பு மகள் ஏஞ்சலுக்கு அப்பா எழுதுவது. மாதாவின் காவலில் நானும் அம்மாவும் உடம்புக்குக் குறைவில்லாமல் இருக்கிறோம், டப்ளின் குளிரில் நீயும் அப்படியே இருக்க வேண்டுமென்று தினமும் செபம் சொல்கிறோம். உடம்புதான் நன்றாக இருக்கிறது, மனசு சரியில்லை. போனில் சொன்னால் நீ குறுக்கே பேசி என் வாயை அடைத்துவிடுவாய், உன் அம்மாவின் ரத்தம் அப்படி, அதனால்தான் தாளில் எழுதிப் படம் பிடித்து அனுப்புகிறேன். கடைசிவரை படித்துவிட்டுப் பேசு.

காற்று எச்சரிக்கை போட்டு இன்றோடு ஆறு நாள் ஆகிறது, ஒரு படகும் இறங்கவில்லை. வருஷா வருஷம் இந்த நேரத்தில்தான் கடல் மூடும் நாளுக்கென்று மீனவர் சங்கம் சேர்த்த புயல் பணத்தைப் பிரிப்போம், முப்பத்தெட்டு வீட்டு அடுப்பும் அதில்தான் எரியும். இந்த வருஷம் பிரிக்க ஒன்றுமில்லை. உங்கள் கம்பெனியின் பட்ஜெட் சாஃப்ட்வேரை ஓட்டுகிற ஏஐ ஏஜென்ட் போன மாதமே அதை எடுத்து இன்ஜின் கடனைக் கட்டி முடித்துவிட்டது. ஆறு மாதம் செலவாகாமல் கிடக்கும் பணத்தைக் கடனுக்குத் திருப்பலாம் என்று அதற்காக நீ எழுதிய கையேட்டில் இருக்கிறது, படித்ததை அது செய்தது. அந்த உரிமையை நாங்கள்தானே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தோம். கடன் தீர்ந்தது என்று போனில் தகவல் வந்ததும் எந்தப் பணம் என்று பார்க்காமல் சங்கத்துக்கே லட்டு வாங்கிக் கொடுத்தவன் நான். பேங்கில் போய்க் கேட்டால் கட்டினது கட்டினதுதான், புதுக் கடனுக்கு ஒரு மாதம் ஆகும் என்கிறார்கள்.

போன ஞாயிறு கூட்டத்தில் கங்காதரன் எழுந்து நின்றான். அவன் மனைவி ராயப்பேட்டை ஆஸ்பத்திரியில் படுத்திருக்கிறாள், அவன் கோபத்தில் தப்பில்லை. இன்னா மச்சி, ஒன் பொண்ணு மிஷினு எங்க சோத்துல கைய வச்சிக்கினு கீது, நீ லட்டு குடுத்துக்கினு கீறே என்று எல்லோர் முன்னாலும் கேட்டான். நான்தான் மறந்துவிட்டேன், புயல் பணத்தைத் தொடக்கூடாது என்பது நம்மில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும், அதனால் கையேட்டுக்குக் குறிப்பு கொடுத்தபோது அதை எழுதத் தோன்றவில்லை என்றேன். அப்படித்தான் மனசார நம்பினேன். பத்தொன்பது வருஷம் நான் எழுதிய கணக்கை வாங்கிச் சந்திரிகாவிடம் கொடுத்துவிட்டார்கள். அவள் இப்போது அரிசி இருக்கிற வீட்டில் வாங்கி இல்லாத வீட்டுக்கு அளக்கிறாள், நம் வீட்டுக்கும் ஒரு படி வந்தது, வாங்கும்போது கை கூசியது. திங்கட்கிழமை நீ பேசியபோது இதையெல்லாம் சொன்னேன். நீயோ, சரிப்பா, அது அப்படியே இருக்கட்டும், ஆபீஸ்ல கேட்டாலும் அதையே சொல்லிடலாம் என்றாய்.

நேற்று ரேஷன் கார்டு தேடப் பெட்டியைக் குடைந்தபோது, தவக்காலத்தில் கையேட்டுக்காக நீ கேட்டு நான் எழுதிய பன்னிரண்டு பக்கமும் அகப்பட்டது. ஒன்பதாம் பக்கத்தில் என் கையெழுத்தில் இருக்கிறது: ஐப்பசி, கார்த்திகையில் கடல் மூடும், அதற்கான பணம் தை மாதத்திலிருந்து தூங்கும், தூங்குகிறதே என்று யாரும் தொடக்கூடாது. நீதான் அதை எல்லாம் இரண்டு பக்கமாகச் சுருக்கினாய், மிஷின் கதை படிக்காதுப்பா, விதி மட்டும் போதும் என்றாய். ஏஞ்சல், அவசரத்தில் வெட்டிவிட்டாய், அது யாருக்கும் வரும் தப்பு, அதற்கு நான் கோபப்படவில்லை. திங்கட்கிழமை பேசும்போதே அது உனக்குத் தெரியும். தெரிந்துகொண்டே அப்பன் தலையில் இருக்கட்டும் என்று விட்டாயே, அதுதான் என்னை அறுக்கிறது. அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை.

வருகிற சனிக்கிழமை ஒன்றாம் தேதி. மாதம் பிறந்தால் அந்த ஏஜென்ட் எல்லாச் சங்கத்திலும் பணத்தை ஒதுக்க உட்கார்ந்துவிடும். கடலூரிலும் நாகப்பட்டினத்திலும் இதே கையேடுதான் என்று நீயே பெருமையாகச் சொன்னாய், அங்கேயும் புயல் பணம் தூங்கிக்கொண்டுதான் இருக்கும். இன்றைக்கே அந்த வரியைச் சேர், ஏன் சேர்க்கிறாய் என்பதையும் ஆபீசில் சொல்லிவிட்டுச் சேர். வேலை போனால் போகட்டும், வீட்டுக்கு வா, கஞ்சியோ கூழோ சேர்ந்து குடிப்போம். நான் ஞாயிற்றுக்கிழமை சொன்னது மறதி, தாளைப் பார்த்த பிறகும் சும்மா இருந்தால் அது பொய். உனக்காக அவமானத்தைச் சுமப்பேன் மகளே, பொய்யைச் சுமக்கச் சொல்லாதே.

மாதா உன்னைத் தன் மேலங்கியில் பொதிந்து காக்கட்டும், நல்ல புத்தியும் நெஞ்சில் தைரியமும் தரட்டும். தலைக்குக் குளித்துவிட்டு ஈரத்தோடு வெளியே போகாதே. ஒன்று மட்டும் மறக்காதே, ஞாயிறு கல்லறைத் திருநாள் பூசை முடிந்து பதினொரு மணிக்குச் சங்கம் கூடுகிறது, உனக்கு அப்போது காலை ஐந்தரை, அலாரம் வைத்துக்கொள். என் போனைக் கங்காதரன் கையில் கொடுத்து வைப்பேன். அது அடித்தால் நீயே அவனிடம் சொல். அடிக்காவிட்டால் நான் எழுந்து ஒன்பதாம் பக்கத்தைப் படிப்பேன், யார் வெட்டியது என்று கேட்பார்கள், உன் பெயரைச் சொல்வேன்.

இப்படிக்கு, உன்மேல் உயிரையே வைத்திருக்கும்
அப்பா
அ. மரியசெல்வம்