அப்பாவுக்குத் தெரியாத பாஷை

அன்புள்ள கண்ணுக்கு, அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் உடம்பளவில் நலம்தான், மனசைப் பற்றிக் கேட்காதே. நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா? போன் செய்தால் எடுப்பதில்லை, ‘ஃபைன்’ என்று ஒற்றை வார்த்தை அனுப்புகிறாய். என்னிடம் படித்த பெண் ஒருத்தி நாளைக்கு நீ இருக்கும் ஊருக்கு நர்ஸ் வேலைக்கு விமானம் ஏறுகிறாள், அவளிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். உன் முகத்தைப் பார்த்துவிட்டு எனக்குச் சொல்லச் சொல்லியிருக்கிறேன், கோபித்துக்கொள்ளாதே.

அப்பாவுக்கு நெஞ்சு வலி வந்ததிலிருந்து நல்ல சேதி என்றால் தமிழ், கெட்ட சேதி என்றால் இங்கிலீஷ் என்று நாம் இருவரும் வைத்துக்கொண்டோம். சாதாரண இங்கிலீஷை அவர் பிடித்துவிடுவார் என்று வீட்டில் நான் எடுக்கும் இங்கிலீஷ் வகுப்பின் மரபுத்தொடர்களாகப் பொறுக்கிப் பேசினோம். மாமா கடையை இழுத்து மூடியதை நீ ‘வென்ட் பெல்லி அப்’ என்றாய், அப்பா பாவம் போலத் தலையாட்டிக்கொண்டு ரிப்பேருக்கு வந்த ஃபேனுக்குக் காயில் சுற்றினார், எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை என் கையெல்லாம் சோப்பு, போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தேன். ‘தே ஷோட் மீ த டோர், அம்மா. ஐ ஆம் அட் தி எண்ட் ஆஃப் மை ரோப்’ என்றாய். வேலையை விட்டு அனுப்பிவிட்டார்கள், இதற்குமேல் தாங்க முடியவில்லை. இந்த அர்த்தத்தை எத்தனையோ பெண்களுக்கு வாய் வலிக்கச் சொல்லிக்கொடுத்தவள் நான். ஆனாலும் அப்பா பக்கத்தில் இருக்கிறாரே என்று ‘கீப் யுவர் சின் அப்’ என்று சொல்லி போனை வைத்துவிட்டேன்.

மத்தியானம் அவர் சாப்பிட வரவில்லை. ஒரே ஃபேனைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக இருந்தார். மாத்திரையோடு போய் நின்றேன். நிமிராமலே, “வேலை போச்சுன்னான். தாங்க முடியலைன்னான். நீ தைரியமா இருன்னு சொல்லிட்டு வச்சிட்டே” என்றார். வகுப்புக்கும் அவர் பட்டறைக்கும் நடுவில் இருப்பது ஒரு பலகைத் தடுப்பு, ஒவ்வொரு தொடரையும் அர்த்தத்தோடு வகுப்பே சேர்ந்து கத்துகிறது, அந்தப் பக்கம் இருக்கும் மனிதருக்கும் காது உண்டு என்பது நம் இரண்டு அதிபுத்திசாலிகளுக்கும் தோன்றவே இல்லை. மாமா கடை விஷயமும் அப்போதே தெரியுமாம், நம் நிம்மதிக்காகத் தலையாட்டினாராம். அப்புறம் சொன்னார், “எம்புள்ள அழுறதுக்குக்கூட எனக்குத் தெரியாத பாஷையைத் தேடணுமா?” நெஞ்சைப் பிடித்துவிடுவாரோ என்று அவர் கையையே பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் மாத்திரையை வாங்கிப் போட்டுக்கொண்டார்.

எனக்கு இன்னும் பயம் தெளியவில்லை, அவருக்காகப் பாதி, உனக்காக மீதி. கடிதம் கைக்கு வந்ததும் போன் செய். நான் எடுக்க மாட்டேன், போன் அப்பா மேசைமேல் இருக்கிறது, இனி அங்கேயேதான் இருக்கும். எல்லாவற்றையும் அவரிடம் தமிழில் சொல். அழுகை வந்தால் அழு. அவரைக் காப்பாற்றுகிறேன் என்று நாம் அவரை வெளியே நிறுத்தியது போதும்.

உன் மனசுக்குத் திடம் வரட்டும், நீ நன்றாக இருப்பாய். வெறும் வயிற்றில் காபி குடிக்காதே. அப்பா சாப்பிடக்கூட மேசையை விட்டு எழுந்திருப்பதில்லை, சீக்கிரம் கூப்பிடு.

உன்னையே நினைத்திருக்கும்,
அம்மா