வள்ளியின் மிருகப் புத்தகமும் மரகதமும்

உ

விக்கிரம வருஷம், புரட்டாசி 23, செவ்வாய்

காலையில் தூறல். ஆற்றில் தண்ணீர் கரை தொட்டு ஓடுகிறதாம்.

வந்தவர்கள்: சேலம் மாப்பிள்ளை, அவர் சென்ற வருஷம் இரண்டாந்தாரமாகக் கட்டிய மரகதம். வீட்டில் இருந்தவர்கள்: என் வீட்டுக்காரர், நான், வள்ளி. வேறு யாரும் இல்லை.

இட்டிலி, கொள்ளுத் துவையல். மாப்பிள்ளைக்குக் காப்பி. கருப்பட்டி தீர்ந்தது, வாங்க வேண்டும்.

வள்ளிக்கு ஒரு மிருகப் புத்தகம் கொண்டுவந்தார்கள். சீமையில் அச்சடித்தது, கெட்டி அட்டை. சீமையில் சண்டை வந்த பிறகு இதெல்லாம் கிடைப்பதே இல்லையாம். பக்கத்துக்கு ஒரு மிருகம், அடியில் இங்கிலீசில் பேர். எனக்குத் தமிழ் எழுத்தே கோயில் சுவரிலும் பஞ்சாங்கத்திலும் பார்த்துப் பார்த்து வந்தது. படத்தைப் பார்த்து நானே பேர் சொன்னேன். யானை, சிங்கம், ஒட்டகம் சரி. ஒன்று மட்டும் தெரியவில்லை. பின்னங்காலில் நிற்கிறது, வயிற்றில் பை, பைக்குள் குட்டி. “பெரிய கீரி” என்று சொல்லிவைத்தேன்.

சாப்பிட்டு எழுந்ததும் மாப்பிள்ளை விஷயத்தைச் சொன்னார். “தசமிக்கு ஏடு தொடக்கிருங்க. ஞாயித்துக்கெழம வந்து வள்ளியக் கூட்டிட்டுப் போறனுங்க. இவ அதுவரைக்கும் இங்க இருக்கட்டும், கொழந்தைக்குப் பழகோணுமில்லீங்க.” சாயங்கால பஸ்ஸுக்குப் போய்விட்டார்.

பெற்றவர் கேட்கிறார். இல்லை என்று எப்படிச் சொல்ல? என் தங்கை பாவாயி பெற்றுப் போட்டுவிட்டுக் கண்ணை மூடினாள். அன்றிலிருந்து வள்ளி என் மடியில். வருகிற தைக்கு நாலு வயசு. எனக்கு வேறு பிள்ளை இல்லை.

24, புதன்

வெயில். நெல் காயப்போட்டது. கொடிக்காலில் வெற்றிலை கிள்ள ஆறு ஆள்.

மரகதம் பேரைச் சொல்லிக் கூப்பிட்டால் வள்ளி என் முந்தானைக்குள் போய்விடுகிறாள். பொரி உருண்டை காட்டினாள், வரவில்லை. பூ வைக்கப் போனாள், கத்தல். பாவம், அந்தப் பூவைத் தன் தலையிலேயே வைத்துக்கொண்டாள்.

புதுப் பழக்கம்: புத்தகத்தை விரித்தால்தான் வாய் திறக்கிறாள். யானைக்கு ஒரு வாய், சிங்கத்துக்கு ஒரு வாய்.

மரகதத்தைக் கண்டு வள்ளி ஒதுங்கும்போது எனக்கு உள்ளே ஒரு குளிர்ச்சி. அர்த்தநாரீசுவரா, இது நல்ல எண்ணம் இல்லை.

25, வியாழன். சரசுவதி பூஜை

விடியுமுன் தலை முழுகி, வீட்டிலுள்ள ஏடு எல்லாம் மணையில் அடுக்கியாயிற்று. தேவாரம், பஞ்சாங்கம், கணக்கு நோட்டு, இந்த நோட்டும். (இதை வெள்ளிக்கிழமை எழுதுகிறேன்.) அவருடைய மண்வெட்டி, கத்தி. புத்தகம் என்று வள்ளியுடையதையும் வைத்து மஞ்சள் குங்குமம் இட்டேன். மறுநாள் வரை தொடக்கூடாது.

எழுந்ததும் ஆரம்பித்தாள். புத்தகம் இல்லை, பால் வேண்டாம், சோறு வேண்டாம். உச்சி வரைக்கும் அழுகை. வயிறு ஒட்டிப்போயிற்று.

அவர்: “ஏம்புள்ள, அதுல எழுத்து நாலு, மிருகம் நாப்பது. எடுத்துக் குடுத்தா சரசுவதி கோவிச்சுக்குவாளா?”

நான்: “பொஸ்தகம் பொஸ்தகந்தானுங்க. இன்னிக்குத் தொட்டா நாளைக்கு ஏடு தொடக்கற புள்ளைக்கு ஆகாது.”

“பட்டினி கெடந்தா மட்டும் ஆகுமாக்கும்!”

மரகதம் சேலையைத் தூக்கிச் செருகி, தரையில் கையூன்றி நின்றாள். வாயைக் கோணி அசை போட்டாள். “நான் ஒட்டகமுங்க. எனக்குப் பசிக்குது. சோறு ஊட்டறவிங்க மட்டும் எம் முதுகுல ஏறலாம்.”

அழுகை நின்றது. வள்ளி மெதுவாகப் போனாள். ஒரு பிடி சோறு ஒட்டகத்துக்கு, ஒரு பிடி தனக்கு. பிறகு முதுகில் ஏறி வீடெல்லாம் சவாரி. அவர் சிரித்த சிரிப்பில் வெற்றிலைச் சாறு வேட்டியெல்லாம்.

நான் புழக்கடைக்குப் போய், கழுவின குண்டாவையே மறுபடி கழுவினேன்.

26, வெள்ளி. தசமி

மேகமூட்டம். தட்டில் பச்சரிசி பரப்பி, வள்ளியின் விரலைப் பிடித்து ‘அ’ எழுதவைத்தது. அவல், கடலை, வாழைப்பழம்.

புத்தகத்தை எடுத்துக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு நேரே மரகதத்திடம் ஓடினாள். “ஒட்டகம், இதென்ன தெரியுமா? பெரிய கீரி!”

மரகதம் என்னை ஒரு பார்வை பார்த்தாள். “ஆமா சாமி. கீரியேதான்.”

பிறகு அடுப்படியில் மெதுவாக: “அக்கா, அதுக்குப் பேரு கங்காருங்க. அடியில போட்டிருக்குது.”

“அப்ப ஏம்மிணி ஆமான்னே?”

“நீங்க சொன்னதை நான் இல்லீன்னு சொன்னா, அவ யாரைத்தானுங்க நம்புவா?”

எட்டாவது படித்தவள். அவள் தட்டில் இன்னும் ஒரு தோசை போட்டேன்.

மத்தியானம் அவர் வள்ளியிடம், ஞாயிற்றுக்கிழமை அப்பாவோடு சேலம் போகலாம் என்றார். “அம்மா வருமா?” “அம்மா வரமாட்டா சாமி. ஒட்டகம் வரும்.” வள்ளி யோசித்தாள். “அப்ப ஒட்டகத்தையும் உடமாட்டேன்” என்று மரகதத்தின் முந்தானையை என் முந்தானையோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். மரகதத்துக்குக் கண் நிறைந்துவிட்டது. “எனக்கொண்ணும் அவசரமில்லீங்கக்கா” என்றாள்.

சாயரட்சை விளக்கேற்றினேன். பிறகு அவரிடம், கார்த்திகை வரை மரகதமும் வள்ளியும் இங்கேயே இருக்கட்டும் என்று சொன்னேன். அவர்: “பொண்டாட்டிய இங்க உட்டுட்டு மாப்பிள்ளை ஓட்டல் சோறா திங்கறது? சரி, எழுது, பாக்கலாம்.”

27, சனி

பெருமாளுக்கு விரதம். ஒருவேளைச் சாப்பாடு. வெற்றிலைக் கூடையோடு சேலம் போகும் ஆளிடம் கடிதம் கொடுத்தாயிற்று. எழுதினதன் நகல்:

“மாப்பிள்ளைக்கு ஆசீர்வாதம். எல்லோரும் சுகம். வள்ளி உங்கள் குழந்தை, உங்கள் வீட்டில்தான் வளரவேண்டும். அதில் எங்களுக்கு வேறு பேச்சு இல்லை. ஆனால் நாளைக்கு வேண்டாம். கார்த்திகை தீபம் வரை மரகதம் இங்கேயே இருக்கட்டும். அவளுக்குச் சம்மதம். நான் கொஞ்சம் கொஞ்சமாக விலகிக்கொள்கிறேன். அப்புறம் வள்ளி அழாமல் வருவாள். உங்கள் சாப்பாட்டுக்குக் கஷ்டம்தான், தெரிகிறது. சனிக்கிழமைதோறும் வந்து போங்கள். இந்த ஆள் ராத்திரி திரும்புகிறான். இவனிடமே சீக்கிரம் பதில் கொடுத்தனுப்பவும்.”