பூட்டிய மாடி

மார்ச் 4
தங்கையின் இருமல் நிற்கவே இல்லை. "தூசிதான்க்கா" என்றே சாதிக்கிறாள். காலையில் வம்படியாகச் சளி எடுத்து, நான் வேலை செய்யும் ஆய்வகத்துக்குக் கொண்டுபோனேன்.

மார்ச் 5
காசநோய். அதற்குக் கீழே இன்னொரு வரி: முக்கிய மருந்துக்குக் கட்டுப்படாது. அந்த வரியை எத்தனையோ பேருக்குப் பார்த்திருக்கிறேன். இன்று சோதனையை மறுபடி போட்டுப் பார்த்தேன். அதேதான்.

மார்ச் 7
முன்னால் மருந்து சாப்பிட்டுப் பாதியில் விட்டாளா என்று டாக்டரம்மா கேட்டார். ஒரு மாத்திரைகூட இல்லை. அப்படியென்றால் கிருமி வேறோர் உடம்பில் மருந்துக்குப் பழகிவிட்டு இவளிடம் வந்திருக்கிறது. "ரொம்பப் பக்கத்துல யாரோ இருக்காங்க," என்றார்.
யார்? வீட்டில் நாங்கள் இருவர்தான். என்னையும் சோதித்தார்கள், ஒன்றுமில்லை. அவள் வீட்டிலேயே உட்கார்ந்து தைக்கிறவள். வாசலைத் தாண்டுவதே அபூர்வம்.

மார்ச் 11
விடுப்பு. மத்தியானம் அடுப்படியில் நின்றிருந்தேன். இருமல் கேட்டது. தண்ணீர் எடுத்துக்கொண்டு அறைக்குப் போனால், தங்கை அயர்ந்து தூங்குகிறாள்.
மறுபடி இருமல். அடுப்படிச் சன்னல் வழியாக, மேலேயிருந்து.
மாடி நாங்கள் குடிவந்த நாளிலிருந்தே பூட்டிக் கிடக்கிறது.

மார்ச் 12
தங்கையிடம் கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டே சொன்னாள்: "எனக்கு இருமல் வர்றதுக்கு முன்னாடியே அது இருமிக்கிட்டு இருந்துச்சுக்கா."
அது, என்றாள்.

மார்ச் 13
மேலே யாரும் இல்லை, பழைய சாமான்தான் என்றார் வீட்டுக்காரம்மா. கையில் மூடி போட்ட தட்டு. படியில் நின்றிருந்தார். சாமானுக்குப் பசிக்குமா?

மார்ச் 15
அடுப்படிச் சன்னலை அடைத்தேன். இருமல் கேட்கவில்லை. கேட்காமல் இருப்பது அதைவிடப் பயமாக இருக்கிறது.

மார்ச் 18
நோயாளிகளின் வீடுகளுக்குப் போய்வரும் ஊழியர் அண்ணனோடு மாடியேறினேன். வீட்டுக்காரம்மா குறுக்கே நின்றார். எங்க வீட்டு விஷயம், உங்களுக்கு என்ன என்றார். "உள்ள இருக்கிறவங்க செத்துருவாங்கம்மா," என்றேன். சாவி கை மாறியது.
தெருப்பக்கச் சன்னல்கள் முழுக்கக் காகிதம். திறந்திருந்த ஒரே சன்னலுக்கு நேர் கீழே எங்கள் அடுப்படி. கட்டிலில் ஒரு பெண், போர்வைக்கு அடியில் உடம்பு இருக்கிறதா என்றே தெரியவில்லை. வெளியூரில் வேலை பார்ப்பதாக வீட்டுக்காரம்மா சொல்லிவந்த மூத்த மகள். மருந்தை இரண்டு தடவை தொடங்கிப் பாதியில் விட்டிருக்கிறாள். சின்ன மகளுக்குச் சம்பந்தம் பேசுகிறார்களாம், வெளியே தெரியக்கூடாதாம்.
என்னைப் பார்த்ததும் கேட்டாள்: "கீழ ஒருத்தி இருமறாளே. என்னாலதானே?"
அவளை அங்கிருந்தே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம்.

மார்ச் 19
அவளுக்கும் அதே இரண்டு வரிகள்.

ஜூலை 9
மாடிக்காரி போய்விட்டாள். மருந்து சரியானதுதான். நுரையீரல்தான் மிச்சமில்லை என்றார் டாக்டரம்மா. தங்கை நாள் முழுக்கத் தையல் இயந்திரத்தைத் தொடவில்லை.

ஆகஸ்ட் 21
தங்கையின் சளியில் கிருமி வளரவில்லை. போன மாதமும் இல்லை. சதை போட்டிருக்கிறாள், ரவிக்கையெல்லாம் பிரித்துத் தைக்கிறாள்.
சாயங்காலம் வீட்டுக்காரம்மா வந்து கதவருகே நின்றார். இத்தனை நாளும் என் முகத்தில் முழிக்காதவர். வாயைப் பொத்தி இருமினார். அடங்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று.
"இன்னும் யார்கிட்டயும் சொல்லலம்மா," என்றார். "நீ சோதிச்சுப் பாரு."
அவர் உட்கார நாற்காலியைக் காற்று வரும் பக்கமாக இழுத்துப் போட்டேன்.