அண்ணன் வண்டியின் படார்

7.6.99 திங்கள். பெரம்பலூர்.

வெயில். காற்றும் கிளம்பிவிட்டது. வாயெல்லாம் புழுதி.

அண்ணன் கருமாதி முடிந்து மறுபடி ஆபீஸ். போனது அவனுடைய பழைய புல்லட்டில். "சும்மா நின்னா துருப்புடிக்கும், நீங்களே ஓட்டுங்க தம்பி" என்று அண்ணிதான் சாவியைக் கொடுத்தார். வழியில் கடைக் கண்ணாடியில் என்னைப் பார்த்தேன். குதிரை மேல் அரிசி மூட்டை.

சாயங்காலம் தெருத் திருப்பத்தில் ஆக்ஸிலேட்டரை விட்டதும் வண்டி வழக்கம்போல் 'படார்'. பக்கத்து வீட்டிலிருந்து அண்ணி தோசைக் கரண்டியோடு வெளியே வந்தார். என்னைப் பார்த்தார். உள்ளே போய்விட்டார்.

9.6.99 புதன்.

மின்சாரம் இல்லை. பல் வலி.

இன்றும் படார், இன்றும் கரண்டி. அண்ணியே சொல்லிவிட்டார். "கோவிச்சுக்காதீங்க தம்பி. அந்தச் சத்தம் கேட்டா அவருதான் வர்றாருன்னு கை தானா தோசக்கல்ல அடுப்புல வச்சிடுது. மாவ ஊத்துனப்புறந்தான் நெனப்பு வருது. வண்டிய வித்துடுங்க."

சரி என்றேன். விற்க மனமில்லை. அண்ணனுடையது என்று என்னிடம் இருப்பது இது ஒன்றுதான். இதை எழுதும்போதாவது கண்ணில் ஏதாவது வருமா என்று பார்த்தேன். வரவில்லை. பேனாதான் கசிகிறது.

என் மனைவி தெருச் செய்திகள் வாசித்தாள். "கூடப் பொறந்தவன் கண்ணுல பொட்டுத் தண்ணி வரலன்னு பேசிக்கிறாங்க. கருமாதிப் பந்தியில ரசத்தக் கிண்டல் பண்ணீங்களாமே?"

பண்ணினேன். ரசம் அப்படி.

"நான் வர்ற சத்தம் கேட்டா நீ கல்லு வப்பியா?"

"டி.வி. சத்தத்தக் கூட்டி வப்பேன்."

யோசனை: குற்றவாளி சத்தம்தானே? அதை மாற்றிவிட்டால் வண்டி தப்பிக்கும்.

12.6.99 சனி. அரியலூர்.

மெக்கானிக் பாய் கார்புரேட்டரைக் கழற்றினார். உள்ளே ஏறி இறங்கும் ஸ்லைடு ஒரு பக்கம் தேய்ந்து, குலுக்கினால் கடகட.

"அல்லா மேல பாரத்தப் போட்டு ஓட்டிருக்காரு உங்க அண்ணன். இந்தச் சந்துல காத்து பூந்தா படார்னுதான் வெடிக்கும் சார்."

புதிதாக மாட்டியது: ஸ்லைடு, ஊசி, ஜெட், மிதவை. பழையதைப் பேப்பரில் சுற்றிக் கொடுத்தார். பிரித்துப் பார்த்தேன். அண்ணன் கை முறுக்கி முறுக்கித் தேய்ந்த இடம். ஒன்றும் தோன்றவில்லை. பசித்தது. பரோட்டா.

மாலை, வீடு.

திருப்பத்தில் ஆக்ஸிலேட்டரை விட்டேன். படார் இல்லை. நாய்கூடத் திரும்பவில்லை. அண்ணி வாசலிலேயே உட்கார்ந்திருந்தார், தெருக்கோடியைப் பார்த்தபடி. நான் எதிரில் நிறுத்திய பிறகுதான் என்னைக் கவனித்தார்.

"எப்ப வந்தீங்க? சத்தமே இல்லயே."

"சாமான் மாத்திட்டேன் அண்ணி. இனிமே வெடிக்காது. விக்கவும் வேணாம்."

"நல்லதாப் போச்சு" என்றார். ஆனால் எழுந்திருக்கவில்லை. அடுப்பும் பற்றவைக்கவில்லை.

கொஞ்சம் கழித்து, "இனிமே கேக்கவே கேக்காதா?"

"கேக்காது."

"பழச எறிஞ்சுட்டீங்களா?"

சட்டைப் பையைத் தொட்டேன். "இருக்கு."

அண்ணி என் சட்டைப் பையையே பார்த்தார்.

நாளை ஞாயிறு, பாய் கடை லீவு. திங்கள்: அரியலூர், பழைய ஸ்லைடை மறுபடி மாட்ட வேண்டும். பாய் பைத்தியம் என்பார். என்ன சொல்லி அவரைச் சிரிக்க வைக்கலாம் என்று யோசித்துக்கொண்டே இருக்கிறேன். ஒன்றும் கிடைக்கவில்லை.