உள்பக்க முடிச்சு

வீரபாண்டி, திருப்பூர்
12.6.2006

அன்புள்ள அண்ணன் பழனிமுத்துவுக்கு, தம்பி முனீஸ் வணக்கத்துடன் எழுதுவது. நான் சுகம். மதினியும் அபிராமி பாப்பாவும் சுகமாக இருக்கவேண்டும். அம்மாவுக்குக் கால்வீக்கம் குறைந்ததா?

நீங்கள் வாங்கிய படகின் சீட்டு உறை தைக்கப் பருத்தி நூல் போதும் என்று எழுதியிருந்தீர்கள். போதாது. உப்புத் தண்ணீரில் இற்றுவிடும். நைலான் இழுவைக்குத் தாங்கும், பாம்பன் வெயிலுக்குத் தாங்காது. பனியன் தைக்கிற நூலைப் பற்றிப் பேசவே வேண்டாம். பிசின் பூச்சு ஏற்றிய தடித்த பாலியெஸ்டர்தான் சரி. உப்புத் தண்ணீரில் ஊறவைத்து, மொட்டைமாடியில் காயவைத்து, எங்கள் கம்பெனி லேபில் இழுத்து அறுத்துப் பார்த்துத்தான் எடுத்தேன். நூல் விஷயம் இதோடு முடிந்தது.

டிரைவர் சீட்டு விஷயம் முடியவில்லை. போனில் ஆரம்பித்தேன், சிரித்துவிட்டு வைத்துவிட்டீர்கள். அதனால்தான் எழுதுகிறேன். முழுதும் படியுங்கள்.

அளவுக்காக நீங்கள் அனுப்பிய பழைய சீட்டுகளை எங்கள் டெய்லர் ஆத்தப்பன் அண்ணன் பிரித்தார். உறையின் மூன்று பக்கத்தை மெஷினில் ஓட்டி, ஸ்பாஞ்சைத் திணித்து, நாலாவது பக்கத்தை வளைந்த ஊசியால் கையில் மூடுவார்கள். வெளியிலிருந்துதான் மூட முடியும். முடிச்சும் வெளியேதான் விழும். மற்ற சீட்டுகள் அப்படித்தான் இருந்தன. டிரைவர் சீட்டில் மட்டும் முடிச்சு உள்ளே இருந்தது. புரட்டிப் போட்டுத் தைத்திருப்பான் என்பீர்கள். ஸ்பாஞ்சு உள்ளே இருக்கும்போது எப்படிப் புரட்டுவது?

“ஏனுங் தம்பி, உள்ள உக்காந்துட்டே தெச்சானாட்ட இருக்குதுங்களே!” என்றார் ஆத்தப்பன் அண்ணன். நானும் சிரித்தேன்.

டிரைவர் சீட்டுக்குப் புது உறை தைத்து ஸ்பாஞ்சு திணித்தோம். கடைசிப் பக்கத்தை மூடாமல் சாப்பிடப் போனோம். வந்து பார்த்தால் மூடியிருக்கிறது. அவருக்கு என்மேல் கோபம். “டிப்ளமா படிச்சவருக்கு அத்தன அவசரமுங்களா? முடிச்ச எங்கீங்க போட்டீங்க?” என்று தடவித் தடவித் தேடினார். வெளியே முடிச்சு இல்லை. நான் தொடவே இல்லை அண்ணே. பிரித்தேன். முடிச்சு உள்ளே இருந்தது. நூல் நான் எடுத்த அதே நூல். ஸ்பாஞ்சு நனைந்திருந்தது. நாக்கில் வைத்தேன், உப்பு. லேப் தண்ணீர் சிந்தியிருக்கும் என்று நினைத்தேன். லேப் பூட்டியிருந்தது.

அதற்குமேல் ஆத்தப்பன் அண்ணன் சிரிக்கவில்லை. சீட்டைப் பிரித்த நிலையிலேயே மேசையில் வைத்து, நான் எதிரே ஸ்டூல் போட்டு உட்கார்ந்தேன். பார்த்துக்கொண்டிருந்தவரை ஒன்றுமில்லை. வாசலில் வேன் ஹார்ன் அடித்தது, திரும்பினேன். மறுபடி பார்க்கும்போது பாதி மூடியிருந்தது. நூல் நுனி உள்ளே போய்க்கொண்டிருந்தது. மெதுவாக, யாரோ இழுத்து இறுக்குகிற மாதிரி.

என்ஜின் ஓடிக்கொண்டே படகு மட்டும் கரைக்கு வந்தது, பழைய டிரைவரைக் காணோம், அதனால்தான் படகு மலிவு என்று நீங்கள்தான் சொன்னீர்கள். எல்லோரும் அவரைக் கடலில் தேடியிருக்கிறார்கள். பழைய உறைக்குள் ஸ்பாஞ்சைத் தவிர எதுவும் இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் நான் படித்த எதிலும் இதற்குப் பதில் இல்லை.

மற்ற சீட்டுகளை மட்டும் லாரியில் ஏற்றச் சொன்னேன். இன்று காலை மேசை காலி. ஆத்தப்பன் அண்ணன் தொடவில்லை என்று கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்யத் தயாராக இருக்கிறார். லோடுமேனுக்கு எத்தனை உருப்படி ஏற்றினோம் என்றே நினைவில்லை. லாரிக்கு முன்னால் இது வந்து சேரவேண்டும் என்று கூரியரில் போடுகிறேன்.

பார்சலில் அது இருந்தால் பிரிக்காதீர்கள். படகில் ஏற்றாதீர்கள். ஞாயிற்றுக்கிழமை முதல் சவாரிக்குப் பாப்பாவை மடியில் வைத்து ஓட்டுவேன் என்றீர்களே, வேண்டாம். உங்களுக்குப் பலகை போதும், இல்லையென்றால் நின்று ஓட்டுங்கள். இதில் மட்டும் தம்பி பேச்சைக் கேளுங்கள்.

கரையேறியதும் மிஸ்டு கால் கொடுத்து நிறுத்திவிடாதீர்கள். பேசுங்கள். உங்கள் குரலை நான் கேட்கவேண்டும்.

கடல்மாதா துணை.

உங்கள் தம்பி,
முனீஸ்